நை என்றால் நாய் இல்லை

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருமகள் காபி கலந்து நீட்டினால்கூட, அவள் முதலில் ஒரு வாய் குடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். செண்டாயானில் மகன் வாங்கியிருக்கிற புது வீட்டு வாசலுக்கு ஒன்றுக்கு மேல் பூட்டு. எல்லாவற்றையும் நானே இழுத்துப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் வயதுக்காரர்களே, நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று, கோணிச்சாக்கைச் சட்டையாகத் தைத்துப் போட்டு, லாரிச் சத்தம் கேட்டாலே காட்டுக்குள் ஓடி வளர்ந்தவர்கள் நாம். நம்மில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. எனக்கு அது எந்தப் பெஞ்சியில் உட்கார்ந்து வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், பகாவுக்கும் கோலா பிலாவுக்கும் நடுவில் இருந்தது. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். பால் வெட்டு நின்றுபோயிற்று. பால் பிடிக்க மரத்தில் கட்டிய மங்குகளில் மழைத்தண்ணீர் நின்று கொசு மொய்த்தது. பள்ளிக்கூடத்தில் ஜப்பான்காரர்கள் என்னென்னவோ மூட்டைகளை அடுக்கிப் பூட்டிவிட்டதால், பிள்ளைகளை ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொட்டகைக்கு மாற்றி, ஜப்பான் பாஷை சொல்லிக்கொடுத்தார்கள். கொட்டகையை ஒட்டினாற்போல்தான் புகைக்கூடு. இளையவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: ஷீட்டுகளை வரிசை வரிசையாகத் தொங்கவிட்டு, அடியில் விறகு மூட்டிப் புகை போடுகிற செங்கல் கட்டடம் அது. ஜன்னல் கிடையாது. பின்பக்கம், தரையோடு தரையாக, விறகு தள்ளுவதற்கு ஓர் அடுப்பு வாய் மட்டும் இருக்கும். அந்த நாளில் அடுப்பு எரியவில்லை. ஆனாலும் வருஷக்கணக்கான புகை சுவரில் ஊறிக் கிடந்தது. பக்கத்தில் போனாலே அந்த நெடி சட்டையில் ஏறிக்கொள்ளும்.

அந்தப் புகைக்கூட்டுக்குள் என் அப்பா ஒளிந்திருந்தார்.

அதற்குத் தீ போடுகிற வேலைதான் அவருக்கு. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க லாரி வந்த காலையில், பிரட்டுக்களத்தில், அதாவது ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடத்தில், அப்பாவைக் காணோம். கேட்ட அளவுக்கு ஆள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆட்களை மேய்க்கிற மண்டோர் பாடு திண்டாட்டம். மண்டோர் சுற்றும் முற்றும் பார்த்தார். மாட்டுவண்டிக்காரர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மண்டோர் அவர் தோளைப் பிடித்து லாரிப் பக்கம் தள்ளினார். “ஐயா, நான் வண்டிக்காரன்யா! பால் வெட்டுக்காரன் இல்லைய்யா!” என்று அவர் கத்தியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வண்டியில் பூட்டிய மாட்டை அவிழ்த்துவிடக்கூட அவருக்கு நேரம் கொடுக்கவில்லை.

அப்பா காட்டுக்குள் ஓடிவிட்டார் என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். நிஜம் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தினமும் என் துணிப்பையில், சிலேட்டுக்கு அடியில், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை இலையில் சுற்றி வைப்பாள். இடைவேளையில் ஒதுங்கப் போவதுபோல் புகைக்கூட்டின் பின்பக்கம் போய், அடுப்பு வாய்க்குள் அதைத் தள்ளுவேன். உள்ளிருந்து ஒரு கை வரும். கரி அப்பிய கை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு என் விரல்களைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் என் அப்பா என்றால் அந்தக் கை மட்டும்தான்.

வண்டிக்காரரின் மகன்தான் எங்கள் சட்டாம்பிள்ளை. வாத்தியார் ஒன்று சொன்னால் முதலில் அவன் உரக்கச் சொல்வான், அப்புறம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும். நெஞ்சை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவன் சொல்வது மணி அடித்தாற்போல் இருக்கும். அவன்தான் எனக்குக் ‘கருவாடு’ என்று பெயர் வைத்தான். எனக்கு அப்போது உடம்பெல்லாம் சொறி. தோல் செதில் செதிலாக உரியும். அதோடு இந்தப் புகை நாற்றம். கருவாடு என்றால் கருவாடுதானே!

“ஒங்கப்பனுக்குப் பதிலாத்தான் எங்கப்பா சயாமுக்குப் போனாரு, கருவாடு!” என்பான். நான் என்ன பதில் சொல்வது? அவன் சொன்னது நிஜம். முதுகில் அடிப்பான். சிலேட்டில் எச்சில் துப்புவான். குடிக்கிற சிரட்டையில் மண்ணைப் போடுவான். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்காருவார்கள். கடைசியில், மூலையில், ஜன்னல் ஓரத்துப் பெஞ்சியில் நான் தனியாகக் கிடந்தேன். அந்த ஜன்னலில் பார்த்தால் புகைக்கூடு தெரியும். அதனால் எனக்கு அந்த இடம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அழுகை வரும். அழுதால் அதற்கும் ‘கருவாட்டுக் குழம்பு’ என்று சிரிப்பார்கள்.

ஒரு நாள் காலையில் அந்தப் பெஞ்சியின் மறுமுனையில் மண்டோர் வந்து உட்கார்ந்தார்.

நம்ப மாட்டீர்கள். கொடுவாள் மீசை, முழங்கால்வரை காக்கிக் கால்சட்டை, ஆறடி ஆள். தோட்டமே நடுங்குகிற மண்டோர், சிலேட்டும் பலப்பமுமாக, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். தோட்டத்துக்கு ஓர் ஆளாவது ஜப்பான் பாஷை படிக்க வேண்டும் என்று உத்தரவாம். கணக்கு எழுதுகிற கிராணி குளிர்காய்ச்சல் என்று பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. ‘பொய்க்காய்ச்சல்’ என்று அம்மா சொல்வாள். ஆகவே மண்டோர் மாட்டிக்கொண்டார். வேறு பெஞ்சிகளில் எல்லாம் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். என் பெஞ்சியில்தான் இடம் இருந்தது.

அதனால்தான் அங்கே உட்கார்ந்தாரா, இல்லை அந்த ஜன்னலுக்காகவா? அன்றைக்குத் தொடங்கிய சந்தேகம். அவர் உட்கார்ந்ததும் பெஞ்சியில் என் பக்கம் எழும்பியது. வாத்தியார் பெயர் கூப்பிட்டு, அவர் ‘உள்ளேன்’ என்பதற்கு ஜப்பானில் ‘ஹாய்!’ என்று துள்ளி எழுந்தால் என் பக்கம் தொம்மென்று இறங்கும். பிள்ளைகள் வாய்க்குள் சிரித்தார்கள்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துப் போயிற்று.

“என்னாடி கேட்டான்?”

“ஒண்ணும் கேக்கலம்மா.”

“ஒண்ணும் கேக்காமயா ஒம் பக்கத்துல வந்து குந்துனான்? இன்னும் யார் யாரை லாரியில ஏத்தலாம்னு பாக்கத்தான் பாஷை படிக்கிறான். அவங்கிட்ட வாயத் தொறந்த, தோலை உரிச்சுருவேன். அவன் குடுத்தா ஒண்ணும் தின்னாத.”

இருக்கிற தோல் தானாகவே உரிந்துகொண்டிருந்ததால் அந்த மிரட்டல் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் மற்றது மனசில் நின்றது. அவர் சுட்ட பலாக்கொட்டை கொடுத்தபோது நான் தின்னவில்லை. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், பக்கத்து வீட்டுக் கோழிக்கு நசுக்கிப் போட்டேன். சாயங்காலம்வரை அந்தக் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சாகவில்லை. மறுநாள் கொடுத்ததை நானே தின்றேன். அடடா, அந்த ருசி!

எனக்கு ஜப்பான் எழுத்து சீக்கிரம் வந்தது. அவருக்குத் தலைகீழாக நின்றாலும் வரவில்லை. “இது என்னா புள்ள, பால்கத்தி மாதிரி வளைஞ்சு கெடக்கு?” என்று என் சிலேட்டை எட்டிப் பார்ப்பார். அவர் பார்க்க வசதியாக நான் சிலேட்டைச் சாய்த்து வைப்பேன். தப்பாக எழுதியிருந்தால் என் விரலால் அழித்துவிடுவேன். “ஆங், ஆங்” என்று திரும்ப எழுதுவார். அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னோடு பேசியவர் அவர் ஒருவர்தான். நான் அவரை நம்பவில்லை. ஆனால் அவர் வராத நாளில் பள்ளிக்கூடம் எனக்கு வெறுத்துப்போகும். இரண்டும் நிஜம்.

ஜப்பான் வாத்தியார் என்று நாங்கள் சொன்னாலும் அவர் நம்ம ஆள்தான். சிரம்பானில் கொஞ்ச நாள் படித்துவிட்டு வந்த வாலிபப் பிள்ளை. ஒரு நாள் ‘இரு’ என்று கரும்பலகையில் எழுதினார். “இது சுலபம். நம்ம இருதான். ஆள் இருக்கான்னா இரு.” அடுத்து, இல்லை என்பதற்கு ‘நை’ என்றார்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். யாரோ ஒருவன் ‘லொள்’ என்று குரைத்தான்.

“நாய் இல்லடா! நை! நை! சோறு இல்லைன்னா கோஹான் நை. எங்க, சொல்லு!”

“கோஹான் நை!” என்றான் சட்டாம்பிள்ளை.

“கோஹான் நை!” என்று கொட்டகை அதிர நாங்களும் சொன்னோம்.

“ஆனா ஒண்ணு. அது பொருளுக்கு. ஆள் இல்லைன்னா ‘இநை’ன்னு சொல்லணும். பொருளுக்கு நை, ஆளுக்கு இநை. மண்டோர், சொல்லுங்க. வண்டி இல்லை?”

“ஹாய்! வண்டி நை!”

“வாத்தியார் இல்லை?”

“வாத்தியார் நை!”

“நான் என்ன பொருளா மண்டோர்?” என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் மண்டோருக்கு அந்த இரண்டாவது வார்த்தை நாக்கில் ஏறவில்லை. ஆளும் நை, ஆட்டுக்குட்டியும் நை. ஆனால் அந்த நை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இடைவேளையில் என்னைப் பார்த்து வெற்றிலைப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, “பொகையில நை” என்பார். வானத்தைப் பார்த்து, “மழை நை” என்பார். நான் என்னை அறியாமல் சிரித்துவிடுவேன். சிரித்ததும் அம்மா ஞாபகம் வந்து வாயை மூடிக்கொள்வேன்.

அப்புறம் ஒரு நாள், எழுதிக்கொண்டே இருந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

“ஏ புள்ள, ஒம் மேல பொகை வாசம் அடிக்குதே?”

“வீட்ல… வெறகு ஈரம், மண்டோரய்யா.”

“வெறகுப் பொகை வேற, ஷீட்டுப் பொகை வேற.”

நான் பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். அவர் ஜன்னல் வழியாகப் புகைக்கூட்டைப் பார்த்தார். அப்புறம் என் பையைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்கினார். அன்றைக்கு நான் அடுப்பு வாய்ப் பக்கமே போகவில்லை. அப்பா அன்றைக்குப் பட்டினி. அம்மா என்னை அடித்தாள், அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாளிலிருந்து மண்டோர் வகுப்பிலேயே சுருட்டுப் பிடிக்க ஆரம்பித்தார். சுருட்டா அது! பப்பாளி இலையைக் காயவைத்து நிப்பாப் பனை ஓலையில் சுருட்டியது. குடலைப் பிடுங்குகிற நாற்றம்.

“மண்டோர்! இது பள்ளிக்கூடம்!” என்று வாத்தியார் கத்தினார்.

“இருமல் வாத்தியாரே. பொகைச்சாத்தான் நிக்குதுலா.”

புகையை நேரே என் பக்கம்தான் விடுவார். என் தலை, சட்டை, பை எல்லாம் அந்த நாற்றம். என்னைத் துன்பப்படுத்தத்தான் செய்கிறார் என்று நினைத்தேன். மூலைப் பெஞ்சியே நாறியதில் என் வாசனை எது, அவர் வாசனை எது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. கருவாடு என்ற பெயர்கூட ‘சுருட்டு’ என்று மாறியது. எழுபது வருஷம் கழித்து இப்போது எனக்கு ஒரு பக்கம் புரிகிறது. இன்னொரு பக்கம், அவர் வெறும் சுருட்டுப் பைத்தியமாகவும் இருந்திருக்கலாம். சத்தியம் பண்ண நான் தயாரில்லை.

அப்பா உள்ளே இருப்பதை யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஒரு காலை நேரம், ஜப்பான் அதிகாரி ஒருவன் இரண்டு சிப்பாய்களோடு லாரியில் வந்து இறங்கினான். வாத்தியார் அன்றைக்குக் கோலா பிலாவுக்குப் போயிருந்தார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களையும் எங்களையும் சேர்த்துப் புகைக்கூட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். நான் முன் வரிசையில் நின்றேன். என் பையில் கிழங்கு இன்னும் சூடாக இருந்தது. தொடையில் சுட்டது.

அதிகாரி கையிலிருந்த பிரம்பால் புகைக்கூட்டைக் காட்டி மண்டோரைக் கேட்டான்:

“ஹிதோ இரு கா?”

ஆள் இருக்கிறதா என்று கேட்கிறான். எனக்குப் புரிந்தது. பள்ளிப்பிள்ளைகள் எல்லாருக்கும் புரிந்தது. மண்டோர் வியர்த்துக் கொட்ட, புகைக்கூட்டைப் பார்த்துக் கையை வீசி வீசிச் சொன்னார்:

“நை! நை! நை!”

“நையா? இநை!” என்று அதிகாரி, சின்னப்பிள்ளையைத் திருத்துவதுபோல் அவர் தலையில் பிரம்பால் தட்டினான். ஆனாலும் சிப்பாய் ஒருவனைக் கதவைப் பார்க்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினான்.

அப்போதுதான் அது நடந்தது. என் அம்மாவுக்குத் தெரிந்த பாஷை தமிழ் ஒன்றுதான். அவள் காதில் விழுந்தது என்ன? மண்டோர் புகைக்கூட்டைக் காட்டி ‘நாய், நாய், நாய்’ என்கிறார். உள்ளே நாய் ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறார். சிப்பாய் கதவை நோக்கிப் போகிறான். போதாதா? அம்மா வரிசையை விட்டுப் பாய்ந்து வந்து மண்டோரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“காட்டிக் குடுத்துட்டியேடா பாவி! எம் புருஷன் ஒனக்கு நாயாடா? நீ வெளங்குவியா? ஒங் கை அழுகிப்போகாதா?”

மண்டோரின் கன்னத்தில் அவள் நகம் பட்டு ரத்தம் வந்தது. இவளே போட்டு உடைத்துவிட்டாளே!

“நானி?” என்று அதிகாரி கத்தினான். என்ன, இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டான்.

மண்டோர் என்ன செய்வார், பாவம்? அவருக்குத் தெரிந்த ஜப்பான் பாஷை மொத்தமும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். என்னைப் பார்த்தார். அவருடைய கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

“கோஹான்…” என்றார். “கோஹான் நை.”

சோறு இல்லை என்கிறாளாம்.

அதிகாரி நம்பவில்லை. அவனும் என்னைப் போல்தான். திரும்பி எங்களை, பள்ளிப்பிள்ளைகளை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவள் சொன்னது அதுதானா என்று பிரம்பை நீட்டிக் கேட்டான்.

“கோஹான் நை?”

அம்மா கத்திய தமிழும் எங்களுக்குத் தெரியும், மண்டோர் சொன்ன ஜப்பானும் தெரியும். புகைக்கூட்டுக்குள் யார் இருக்கிறார் என்பதும் அந்த நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. பிரம்பு சட்டாம்பிள்ளைக்கு நேரே நின்றது. அவன் என்னைப் பார்த்தான். அவன் அப்பா எந்த ஆளுக்குப் பதிலாகப் போனாரோ, அந்த ஆள் பத்தடி தள்ளிச் சுவருக்குப் பின்னால் இருக்கிறார். ஒரு விரலைத் தூக்கினால் போதும். தூக்கினால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நெஞ்சை நிமிர்த்தினான்.

“கோஹான் நை!” என்றான், மணி அடித்தாற்போல்.

அவன் சொன்னால் நாங்களும் சொல்ல வேண்டும். அதுதானே பழக்கம்? “கோஹான் நை!” என்று அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினோம். எங்கள் ஒடிசலான உடம்பையும் சாக்குச் சட்டையையும் பார்த்து, பாடம் ஒப்பிப்பதுபோல் நாங்கள் கத்தியதைக் கேட்டு, அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவனுக்குத் தேடுகிற சிரத்தை போய்விட்டது. போகிற போக்கில் அம்மாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை கொடுத்தான். சிப்பாயைக் கூப்பிட்டுக்கொண்டு லாரியில் ஏறினான்.

அன்றைக்கே அம்மா அப்பாவைப் பாயா என்கிற சதுப்பைத் தாண்டி, ஒரு மலாய்க்காரர் குடிசைக்கு அனுப்பிவிட்டாள். சண்டை முடியும்வரை அவர் அங்கே இருந்தார்.

இதில் என்ன வேடிக்கை என்றால், இரண்டொரு நாளில் அந்த லாரி திரும்ப வந்து, மண்டோர் வீட்டு வாசலில் ஒரு சின்ன மூட்டை அரிசியைத் தள்ளிவிட்டுப் போயிற்று. சுண்ணாம்பு நாற்றம் அடிக்கிற உடைந்த அரிசி. கோஹான் நை என்றாரே, அதற்குக் கிடைத்தது. லயத்தில் என்ன பேசினார்கள்? “பாத்தியா? காட்டிக் குடுத்ததுக்குக் கூலி!” மண்டோர் வீட்டுக்கு வீடு ஒரு சிரட்டை அளந்து கொடுத்தார். எல்லாரும் வாங்கித் தின்றார்கள். தின்றுகொண்டே சந்தேகப்பட்டார்கள். அம்மா மட்டும் தன் பங்கை வாசலிலேயே கொட்டினாள். நான் அவள் பார்க்காதபோது பொறுக்கினேன்.

“அம்மா, அவரு நாய்னு சொல்லல. நை. நைன்னா இல்லைன்னு அர்த்தம்” என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன்.

“எனக்குத் தமிழ் தெரியாதா? நாய்னா நாய்தான். நீ அவங்கூட ஒரே பெஞ்சியில குந்தி, அவன் குடுத்ததத் தின்னுட்டு வந்து பேசாத.”

மண்டோர் அதற்கப்புறம் கொஞ்ச நாள்தான் பள்ளிக்கூடம் வந்தார். வாத்தியாரும் பட்டணத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பெஞ்சியில் என் பக்கம் எழும்பவும் இல்லை, இறங்கவும் இல்லை. சட்டாம்பிள்ளை அதன் பிறகு என்னை அடிக்கவில்லை. பேசவும் இல்லை. எங்கே போனாலும் என்னைக் கண்டால் தரையைப் பார்ப்பான். அடி எவ்வளவோ தேவலை என்று இருக்கும்.

ஜப்பான்காரன் தோற்றுப்போனான் என்ற செய்தி வந்தது. சில வாரம் கழித்து, சயாமுக்குப் போனவர்களில் இரண்டு பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். வந்த கையோடு அவர்கள் தேடியது மண்டோரைத்தான். பிரட்டுக்களத்தில், எந்த இடத்தில் ஆட்களை லாரியில் ஏற்றினாரோ அதே இடத்தில், அவரை மரத்தோடு கட்டினார்கள். பிள்ளைகளை விரட்டிவிட்டார்கள். நான் போகவில்லை, ஸ்டோர் கட்டடத்து மூலையில் நின்றேன். “வண்டிக்காரனை வாரிப் பொதச்சது நாங்கடா! பேதியில போனான்! கடைசி வரைக்கும் மாட்டை அவுத்து விட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே போனான்டா!” என்று ஒருவர் அடித்துக்கொண்டே அழுதார். சவரக்கத்தியால் அவர் மீசையை எடுத்தார்கள்.

நான் வீட்டுக்கு ஓடி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அப்பாவும் திரும்பி வந்திருந்தார். காய்ச்சலில் சுருண்டு கிடந்தார்.

“அம்மா, நீ வந்து சொல்லும்மா. அவரு அப்பாவக் காப்பாத்துனாரு. நைன்னா இல்லை. சத்தியமா இல்லைன்னு அர்த்தம்மா. அடிச்சே கொன்னுருவாங்கம்மா!”

அப்பா பாயில் கிடந்தபடியே தலையை ஆட்டினார். “ஆமா புள்ள. உள்ளாற எனக்கும் கேட்டுச்சு. சிப்பாய் கதவு வரைக்கும் வந்தான். தொறக்காமப் போயிட்டான்.”

அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணித்தாள். முதன்முதலாக அவள் என்னை நம்பினாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எழுந்து வரப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அப்ப வண்டிக்காரனுக்கு மட்டும் ஏன் அந்த நைய சொல்லல?” என்றாள்.

“அப்ப அவருக்கு ஜப்பான் பாஷை தெரியாதேம்மா!”

“தமிழ் தெரியும்ல? ஆள் இல்லைன்னு தமிழ்ல சொல்றதுக்கு என்னாவாம்?”

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா கடைசிவரை எழுந்து வரவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் கிடையாது. இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஆனால் நான் லேசில் நம்ப மாட்டேன்.

மறுநாள் காலையில் மண்டோரைத் தோட்டத்தைவிட்டு விரட்டினார்கள். ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டியபடி, செம்மண் சடக்கு வழியாகப் பகாவ் பக்கம் போனார். பிள்ளைகள் கல் எறிந்துகொண்டே பின்னால் போனார்கள். நான் ரப்பர் மரங்களுக்குள் குறுக்கே ஓடி, வளைவில் அவருக்கு முன்னால் போய் நின்றேன். முகம் வீங்கி, மீசை இல்லாமல், யாரோ ஒரு கிழவர் மாதிரி இருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். மேலுதட்டைத் தடவிக் காட்டினார்.

“மீசை நை” என்றார்.

நான் சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். நான் ஓவென்று அழுதேன்.

அதற்குள் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். சட்டாம்பிள்ளை எல்லாருக்கும் முன்னால் நின்றான். அவன் கையில் பெரிய கல். மூச்சு வாங்கியது. அப்பா செத்த செய்தியை அவனுக்கு யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவன் அம்மா வாசலில் உட்கார்ந்து, அடுத்த லாரி, அடுத்த லாரி என்று காத்துக்கொண்டிருந்தாள்.

“மண்டோரே,” என்றான். “எங்கப்பா எங்க?”

மண்டோர் மூட்டையைக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. தமிழில் அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில், வகுப்பில் எழுந்து நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, அந்தப் பையன் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்.

“இநை.”

ஒரு நாளும் சரியாகச் சொல்லாதவர் அன்றைக்குச் சரியாகச் சொன்னார்.

சட்டாம்பிள்ளை திருப்பிச் சொல்லவில்லை. அவன் சொல்லாததால் நாங்களும் சொல்லவில்லை. கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மண்டோர் வளைவு தாண்டிப் போகும்வரை அவன் அங்கேயே நின்றான்.